யார் வீட்டு நாய், யார் குனிவது?

காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் இரண்டு கோஷ்டிகள் ஒரே நேரத்தில் வெளியே வரும். ஒன்றின் கையில் துடைப்பமும் கோலமாவு டப்பாவும், இன்னொன்றின் கையில் நாய்ச் சங்கிலி. நான் இரண்டாவது கோஷ்டி. தெளித்த வாசலில் கோலத்தின் ஈரம் காய்வதற்குள் ஒரு லாப்ரடார் வந்து பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று சென்னையில் நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ஏங்க, உங்க நாய்தானே போச்சு?"

"இல்லம்மா, ஏதாவது தெரு நாயா இருக்கும்."

பஞ்சாயத்து அதோடு முடிந்துவிடும். மலத்தில் யார் பெயரும் எழுதியிருக்காது என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும்.

இந்தப் பெயரில்லாப் பொருளோடு உலகத்தின் பல ஊர்கள் மல்லுக்கட்டியிருக்கின்றன. அபராதம் போட்டார்கள், வண்டி விட்டார்கள், மானத்தை வாங்கினார்கள், தங்கம் கொடுத்தார்கள், கடைசியில் மரபணுச் சோதனை வரைக்கும் போய்விட்டார்கள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, இவற்றில் எது எங்கள் தெருவில் செல்லுபடியாகும் என்று பார்க்கலாமென்று உட்கார்ந்தேன்.

நாற்றத்தையும் செருப்பையும் தாண்டி இதில் ஒரு விஷயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாயின் குடலில் வாழும் டாக்ஸோகாரா என்ற உருண்டைப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறும். வெளியே வந்தவுடன் அவை நோய் பரப்பாது. மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முற்றினால்தான் ஆபத்து. முற்றியபின் வருஷக்கணக்கில் மண்ணிலேயே உயிரோடு இருக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் பெரும்பாலும் வரும், அரிதாகக் கண்ணையும் பாதிக்கும். அதனால் உடனே அள்ளிவிட்டால் முட்டைக்கு முற்ற அவகாசமே கிடைப்பதில்லை. "மழை வந்தா தானா போயிடும்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மழையில் போவது கண்ணுக்குத் தெரிகிற பாகம் மட்டும்.

நியூயார்க்: சட்டம் போட்டு அள்ள வைத்த ஊர்

இந்த விஷயத்தில் எல்லோரும் முதலில் காட்டும் ஊர் இதுதான். 1978 ஆகஸ்ட் 1 அன்று அங்கே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: உன் நாய் போட்டதை நீதான் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் 100 டாலர் வரை அபராதம். இன்று அது 250 டாலர். மேயர் எட் காச் இதை நகர மன்றத்தின் வழியே கொண்டுவர முடியாமல், மாநிலச் சட்டமன்றத்தின் வழியே சாதித்தார். 4 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கு என்று பொதுவாக எழுதப்பட்டதால் பஃபலோ நகரமும் அதில் சேர்ந்துகொண்டது.

இன்று படிக்கும்போது வேடிக்கையாக இருப்பது, எதிர்த்தவர்களின் பட்டியல். எதிர்ப்பு விலங்கு நல அமைப்பிலிருந்தே வந்தது: இவ்வளவு தொல்லை கொடுத்தால் ஜனங்கள் நாயைத் தெருவில் விட்டுவிடுவார்கள் என்றார்கள். இன்னொரு பக்கம், புழு முட்டைகளால் குழந்தைகளுக்கு ஆபத்து என்று எழுபதுகளின் தொடக்கத்திலிருந்தே போராடிய ஃபிரான் லீ என்ற பெண்மணிக்கும் இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. அள்ளுவதெல்லாம் போதாது, நாய் அவரவர் வீட்டுக்குள்ளேயே போகட்டும் என்பது அவர் கட்சி. இரண்டு பக்கமும் அடி வாங்கிய சட்டம் எப்படியோ நிலைத்துவிட்டது.

எப்படி? அபராதச் சீட்டால் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதிகாரியின் கண்ணெதிரே நாய் போய், கண்ணெதிரே உரிமையாளர் நழுவினால்தான் சீட்டு கிழிக்க முடியும். அத்தனை பெரிய ஊரில் அது எத்தனை தடவை நடக்கும்? சட்டம் வந்தபின் பக்கத்தில் நடப்பவனுக்கு ஒரு உரிமை கிடைத்தது. முன்பு "எடுங்க" என்றால் அது வம்பு. இப்போது "எடுங்க, சட்டம் இருக்கு" என்றால் அது நியாயம். அள்ளாதவனைப் பார்த்து நாலு பேர் முகம் சுளிக்க அரசாங்கமே அனுமதி கொடுத்துவிட்டது. அந்த ஊரில் அபராதத்தை வசூலித்தது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்களின் பார்வைதான் என்பது என் கணிப்பு.

பாரிஸ்: வண்டி வந்து எடுக்கும், நீங்கள் நடங்கள்

நியூயார்க்காரர்கள் குனியத் தொடங்கி நாலு வருஷம் கழித்துப் பாரிஸ் நேரெதிர் வழியில் போனது. 1982ல் ஜாக் ஷிராக் மேயராக இருந்தபோது பச்சை நிற மோட்டார் சைக்கிள்கள் தெருவில் இறங்கின. பின்னால் ஒரு தொட்டி, உறிஞ்சும் குழாய், பிரஷ். ஓட்டுபவர் நடைபாதையில் ஏறி, குழாயை வைத்து உறிஞ்சிவிட்டுப் போவார். ஊர்க்காரர்கள் அதற்கு 'மோட்டோகிரோத்' என்று பெயர் வைத்தார்கள். நாய்ப்பீ மோட்டார் என்று தமிழில் சொல்லலாம், அவர்களும் அதே மரியாதையோடுதான் சொன்னார்கள்.

பாரிஸில் அப்போது நாய்கள் சுமார் 2 லட்சம், நாளொன்றுக்கு 16 டன் கழிவு என்பது பரவலாகச் சொல்லப்பட்ட கணக்கு. இவ்வளவு வண்டிகளும் சேர்ந்து எடுத்தது ஐந்தில் ஒரு பங்குதான் என்றும் சொல்வார்கள். செலவு ஏறிக்கொண்டே போனது. 2000களின் தொடக்கத்தில் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு, பாரிஸும் அபராதத்தின் பக்கம் வந்து சேர்ந்தது.

வண்டி தோற்றது இயந்திரக் கோளாறால் என்று எனக்குத் தோன்றவில்லை. எடுக்க ஆள் வருவான் என்று தெரிந்த பிறகு எவன் குனிவான்? கல்யாண வீட்டில் இலை எடுக்க ஆள் இருந்தால் நம் இலையை நாமா எடுக்கிறோம்?

நியூயார்க்கையும் பாரிஸையும் எதிரெதிரே நிறுத்தினால் வித்தியாசம் ஒன்றே ஒன்று. அங்கே குனிந்தது நாயின் சொந்தக்காரர், இங்கே குனிந்தது நகராட்சி. நம் ஊரில் இந்த இரண்டாவது வழிதான் யாரும் அறிவிக்காமலே நடந்துகொண்டிருக்கிறது, அதுவும் வண்டி இல்லாமல். காலையில் தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் துடைப்பத்தாலும் தகரத்தாலும் எங்கள் தெருவின் லாப்ரடார்களுக்கும் பக்குகளுக்கும் பின்னால் நடக்கிறார். மனிதர் மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனிதக் கழிவைத்தான் பேசுகிறது. நாய்க் கழிவு அதன் கணக்கில் வராது. ஆனால் அள்ளும் கை பெரும்பாலும் மனித மலத்தை அள்ள வைக்கப்பட்ட அதே சமூகத்தின் கைதான். எனவே பாரிஸ் வழியை நான் பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளவில்லை.

புருனேத்தே: "நீங்கள் தொலைத்த பொருள், இந்தாருங்கள்"

எனக்கு மிகவும் பிடித்தது இது. ஸ்பெயினில் மாட்ரிட் பக்கத்தில் சுமார் 10,000 பேர் வாழும் சிறிய ஊர். மலம் மாதிரி செய்த ரிமோட் பொம்மை ஒன்றை, அள்ளாதவர்களின் பின்னால் துரத்தவிட்டுக்கூடப் பார்த்தார்கள். சிரித்தார்கள், மறந்தார்கள்.

2013ல் வேறு வழி பிடித்தார்கள். தன்னார்வலர்கள் தெருவில் நின்று, அள்ளாமல் நகர்பவரிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பார்கள். "அழகா இருக்கே, என்ன ஜாதி? பேரென்ன?" நாய்க்காரர்களின் பலவீனம் இதுதான். நானும் விழுந்திருப்பேன். யாராவது என் நாயின் பெயரைக் கேட்டால் தடுப்பூசி போட்ட தேதி வரைக்கும் சொல்லிவிடுவேன். நாயின் பெயரும் இனமும் கிடைத்ததும் ஊராட்சிப் பதிவேட்டைத் திறந்தால் உரிமையாளரின் முகவரி வந்துவிடும். விட்டுப்போன சமாச்சாரத்தை எடுத்து, ஊர் முத்திரை போட்ட பெட்டியில் வைத்து, 'தொலைந்த பொருள்' என்று ஒட்டி, வீட்டு வாசலில் கொடுத்து அனுப்பினார்கள். மொத்தம் 147 பெட்டிகள். தெருவில் கிடப்பது 70 சதவீதம் குறைந்ததாக ஊராட்சி சொன்னது.

இதில் அபராதம் ஒரு காசு கிடையாது. ஆனால் ஒன்று இருந்தாக வேண்டும்: நாய்கள் எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவேடு இல்லாத ஊரில் இந்த வேலை வெறும் அரட்டையோடு முடிந்துபோகும். அதே வேகத்தில் எத்தனை நாள் செய்ய முடியும் என்பதும் கேள்விதான். ஒரு விளம்பர நிறுவனத்தோடு சேர்ந்து செய்த பிரசாரம் அது. பெட்டி வருவது நின்றுவிட்டால் பயமும் மெல்லக் கரைந்துவிடும்.

தங்கம் கொடுத்த ஊர், எச்சில் எடுத்த ஊர்

தைவானில் நியூ தைபே நகரம் 2011ல் ஒரு பை நாய்க் கழிவு கொண்டுவந்தால் ஒரு குலுக்கல் சீட்டு என்றது. முதல் பரிசு தங்கக் கட்டி. 4,000 பேருக்கு மேல் சேர்ந்து 14,500 பைகள் கொண்டுவந்தார்கள். யார் நாயின் கழிவானாலும் சரி, பை நிறைந்தால் சீட்டு. யாரையும் குற்றம் சொல்லாமல் தெரு சுத்தமானது என்பது உண்மைதான். குலுக்கல் முடிந்தபின் அந்தப் பையை யார் தூக்குவார் என்பதுதான் என் சந்தேகம். நம் ஊரில் இதை வைத்தால் லாரியே வரும், அது வேறு கதை.

மரபணு வழியை முதலில் முயன்றவர்களில் ஒன்று இஸ்ரேலின் பெத்தா திக்வா நகரம், 2008ல். உரிமையாளர்கள் நாயின் வாயிலிருந்து மாதிரி கொடுக்க வேண்டும். கழிவை அள்ளித் தனித் தொட்டியில் போட்டால், சோதித்துப் பார்த்து அந்த நாய்க்குப் பரிசு. பிற்பாடு அள்ளாதவர்களை இதே வழியில் பிடிக்கலாம் என்பது திட்டம். பிரான்சில் பெஸியே நகரின் மேயர் ராபேர் மெனார் இதையே கட்டாயமாக்கப் பார்த்து, 2016ல் நீதிமன்றத்தில் முட்டிக்கொண்டார். 2023ல் சோதனை முயற்சியாக அனுமதி கிடைத்தது. ஊரின் மையப் பகுதியில் நாயோடு நடப்பவர் மரபணுப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் 38 யூரோ அபராதம் என்று அப்போது விதி வந்தது.

மலத்தில் பெயர் எழுதியிருக்காது என்ற பிரச்சினைக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை. ஆனால் இது எங்கே உண்மையில் வேலை செய்கிறது என்று பார்த்தால், அமெரிக்காவின் மதில் சூழ்ந்த அடுக்ககங்களில். உள்ளே இருக்கும் நாய்கள் எண்ணிக்கை தெரியும், எல்லா நாயின் மாதிரியும் வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து வாங்கியாயிற்று. திறந்த ஊரில் பதியாத நாய் ஒன்று நடந்து போனாலே கணக்கு கெட்டுவிடும்.

சென்னையில் 2024ல் எடுத்த கணக்குப்படி தெரு நாய்கள் சுமார் 1.8 லட்சம். எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் "பதிவில் இல்லாத நாய்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். "தெரு நாயா இருக்கும்" என்று நாங்கள் வாசலில் சொல்வதை ஆய்வகம் கடிதத்தில் எழுதி அனுப்பும், அதற்குக் கட்டணமும் உண்டு.

ஓ.எம்.ஆர். பக்கத்துப் பெரிய குடியிருப்புகளில் வேண்டுமானால் நடக்குமே என்று தோன்றலாம். அங்கே வேறு முட்டுக்கட்டை. இந்திய விலங்கு நல வாரியம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சட்டத்தில் இல்லாத நிலையில் குடியிருப்போர் சங்கம் தானாக "அள்ளியே ஆக வேண்டும்" என்று விதி போடவோ அபராதம் வசூலிக்கவோ முடியாது, வேண்டுகோள்தான் விடுக்கலாம். நாய் வளர்ப்பவர்களை ஓட ஓட விரட்டிய சங்கங்களைப் பார்த்தவன் என்ற முறையில் அந்தப் பாதுகாப்பு ஏன் வந்தது என்று எனக்குப் புரிகிறது. அதே வரியைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்ட் வாசலில் நாய் போனதை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு

பாரிஸைத் தள்ளியாயிற்று. தங்கத்துக்குப் பணமில்லை. மரபணுவுக்கு ஊர் ஒத்துவராது. மிஞ்சுவது நியூயார்க்கும் புருனேத்தேயும். இரண்டில் நான் புருனேத்தேவைத்தான் முதலில் வைப்பேன். சென்னையில் இப்போது வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப்போடு உரிமம் வாங்குவது கட்டாயமாகியிருக்கிறது. அதாவது பதிவேடு மெல்ல உருவாகிறது. அதைவிடப் பெரிய பதிவேடு ஏற்கெனவே தெருவில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மனிதர்களின் பெயர் யாருக்கும் தெரியாது, நாய்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது வீட்டு வங்கி மேலாளர் 'ரூபி அப்பா'. நான் 'ஜானி வீட்டுக்காரர்'. பெட்டியும் முத்திரையும்கூட வேண்டாம். "ரூபி அப்பா, கொஞ்சம் எடுத்துடுங்களேன்" என்று சத்தமாக ஒரு குரல் போதும். நியூயார்க் சட்டத்தின் பலம் அதற்குப் பின்னால் நின்றால் அந்தக் குரலுக்குக் கூச்சம் போய்விடும். மும்பை மாநகராட்சி அபராதம் வைத்திருப்பதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அள்ளுவது எதில் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் நழுவுவது இந்த இடத்தில்தான். ஆன்லைனில் விற்கும் மக்கும் பை நல்லதுதான், ஆனால் நம் குப்பைக் கிடங்கில் அது உடனே மக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், விலையும் கூட. நீளக் கைப்பிடி வைத்த அள்ளான் இடுப்பு வலிக்காரர்களுக்குச் சரி, ஆனால் அதைக் கழுவ ஒரு தனி வாளி வேண்டும், மணலில் நன்றாக வேலை செய்யும், தார் ரோட்டில் இழுத்துப் பூசிவிடும். ரொட்டி வந்த கவரைக் கையுறை மாதிரி மாட்டி எடுத்து, உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போடுவது சுலபம், ஆனால் அந்த முடிச்சு அப்படியே தூய்மைப் பணியாளரின் கைக்குப் போகிறது, யாரோ ஒருவர் தரம் பிரிக்கும்போது அதைப் பிரிப்பார்.

நான் பயன்படுத்துவது நேற்றைய செய்தித்தாள். ஜானி உட்காரும் தோரணை தெரிந்ததும் அரைப் பக்கத்தைக் கீழே நீட்டிவிடுவேன், பத்தில் ஏழு முறை நேராக அதிலேயே விழும். மடித்து எடுத்துவந்து உள்ளே இருப்பதை வீட்டுக் கழிப்பறையில் தட்டித் தண்ணீர் ஊற்றிவிடுவேன். அழுக்கான தாளை இன்னொரு தாளில் சுற்றிக் குப்பைக்கு. விளம்பரப் பக்கம் வழவழப்பாக இருப்பதால் சீக்கிரம் ஊறாது, ஞாயிற்றுக்கிழமை இணைப்பை அதற்காகவே எடுத்துவைக்கிறேன். முதல் வாரம் எதிர்வீட்டு அம்மா துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது வாரம் அவர் வீட்டுப் பழைய பேப்பர் கட்டு ஒன்று எங்கள் கேட்டில் தொங்கியது.