காணாமல்போனவரைத் தேடும் நாவல்: அச்சிலா, போனிலா?

புதுச்சேரியில் நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது, போனும் கையில் இருக்கிறது. எதில் படிப்பது என்று தயங்குபவர்களுக்காக இது.

செலவு
அச்சு: 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தில் உறுப்பினரானால் ஒவ்வொரு நாவலையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.
போன்: நூலுக்கு நூல் காசு, இல்லையென்றால் மாதச் சந்தா.

துப்பைத் திரும்பப் பார்ப்பது
இதுதான் முக்கியம். கொலைக் கதையில் பிணம் கிடைத்துவிடும். ஆள் காணாமல்போன கதையில் கடைசியாகப் பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு என்பதுதான் மொத்தப் பிடியும்.
அச்சு: பேருந்து நிலையச் சாட்சி சொன்ன பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் வாக்குமூலத்தோடு ஒப்பிடலாம்.
போன்: பெயரைத் தேடினால் நொடியில் வரும். ஆனால் கடைசி அத்தியாய வரியும் சேர்ந்தே வந்து நிற்கும், முடிச்சு அவிழ்ந்துவிடும்!

திகில்
அச்சு: மிச்சப் பக்கங்களின் கனமே முடிவு நெருங்குவதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், யாரோ குற்றவாளியின் பெயரைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கவும் கூடும்.
போன்: எத்தனை சதவீதம் படித்தாயிற்று என்று திரையில் காட்டுவதை மறைத்துவிட்டால் எதுவும் தெரியாது.

நீங்களே துப்பறிய ஆசையா? அச்சுதான், சந்தேகமே வேண்டாம். கடலூர் பேருந்தில் நின்றுகொண்டே படிப்பவருக்குப் போன் சரி.