20 வாட் எல்இடி பேட்டன்: வெளிச்சம் அருமை, பழுது பார்க்க வழியில்லை

நான் வயர்மேன். இப்போது வேலைக்குப் போகிற வீடுகளில் பழைய டியூப்லைட் கேட்பவர்கள் அநேகமாக இல்லை, எல்லாரும் நாலடி எல்இடி பேட்டன்தான் (டியூப்லைட் மாதிரியே நீளமாக, பட்டியும் விளக்கும் ஒரே துண்டாக வருவது) மாட்டச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு ஹாலிலும் நல்ல பெயருள்ள ஒரு கம்பெனியின் 20 வாட் பேட்டனை மாட்டினேன். வெளிச்சத்தில் குறையே இல்லை. சுவிட்சைப் போட்டதும் பளிச்சென்று எரியும். வோல்டேஜ் இறங்கினாலும் மங்காது. பழைய 40 வாட் டியூப், சோக்கு தின்பதையும் சேர்த்தால் 50 வாட்டைத் தொடும். இது அதில் பாதிகூட இழுக்காது. டியூப்புக்குள் இருந்த பாதரசமும் இதில் கிடையாது. அதனால் பழையதற்கே திரும்புங்கள் என்று சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் அதைச் செய்திருக்கும் விதத்தின் மேல்தான். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். தினம் ஆறு மணி நேரம் எரித்தால் பதினோரு வருஷத்துக்கு மேல் வரவேண்டும். வாரண்டி முடிந்த கொஞ்ச நாளிலேயே விட்டுவிட்டு எரிந்து, அப்புறம் அடியோடு நின்றுவிட்டது.

பிரிக்கலாம் என்று கழற்றினால் ஒரு ஸ்குரூகூட இல்லை. இரண்டு முனை மூடியும் பசை போட்டு ஒட்டியவை. நெம்பியதில் மூடி உடைந்துதான் வந்தது. உள்ளே, வீட்டுக் கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டிரைவர் போர்டில், கரண்டைச் சீராக்கும் கெப்பாசிட்டர் ஒன்று, சுண்டுவிரல் நுனி அளவு, தலை உப்பிக் கிடந்தது. எல்இடி பட்டைக்கு வேறொரு டிரைவரிலிருந்து சப்ளை கொடுத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட விடாமல் அத்தனையும் எரிந்தன.

அந்த கெப்பாசிட்டருக்குள் இருப்பது ஈர ரசாயனம். சூட்டில் மெல்லக் காய்ந்துபோகும். சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் போடுகிற கணக்கு. காற்றே போகாத கூட்டுக்குள், எல்இடி சூட்டுக்குப் பக்கத்திலேயே அதை அடைத்து வைத்தால் எப்படித் தாங்கும்? பெட்டியில் போடுகிற மணிக்கணக்கு பெரும்பாலும் எல்இடிக்கு உரியது. டிரைவர் அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது.

பழைய டியூப்லைட்டில் சோக்கு போனால் சோக்கு, ஸ்டார்ட்டர் போனால் ஸ்டார்ட்டர் என்று தனித்தனியே மாற்றலாம். பட்டி பாட்டுக்குச் சுவரிலேயே இருக்கும். அந்தக் காலத்துக் கம்பெனிகளும் புண்ணியவான்கள் இல்லைதான்: 1924-ல் ஜெனீவாவில் கூட்டணி அமைத்து, குண்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் நிறுத்தி, மீறிய கம்பெனிகளிடம் அபராதமும் வாங்கினார்கள். இந்த பேட்டனில் அப்படிச் சதி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஸ்குரூவை விடப் பசை மலிவு, ஒட்டுவதும் சீக்கிரம். அந்தச் சில்லறை மிச்சத்துக்காக நல்ல எல்இடியும், பிளாஸ்டிக்கும், அலுமினியமும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன. புது அலுமினியம் ஒரு கிலோ எடுக்கவே சுமார் 14 யூனிட் கரண்ட் வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதைப் பிரித்து எடுக்க எந்தக் காயலான் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும்?

இதே எல்இடியில் வேறு மாதிரியும் செய்ய முடிகிறது. ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டும் ரவுண்ட் பேனல் லைட்டைப் பாருங்கள். டிரைவர் தனிச் சின்னப் பெட்டியாக வெளியே தொங்கும். நடுவில் ஒரு கனெக்டர். டிரைவர் போனால் அதை மட்டும் வாங்கிச் செருகினால் லைட் திரும்ப எரியும். பேட்டனிலும் மூடிக்கு ஸ்குரூ போட்டு, டிரைவரை உருவி எடுக்கிற மாதிரி வைத்த மாடல்கள் இருக்கின்றன. கடையில் கேட்டு, மூடியைப் பார்த்து வாங்குங்கள்.

என் மதிப்பெண்: வெளிச்சத்துக்கு ஐந்துக்கு நாலரை, பழுது பார்க்கும் வசதிக்குப் பூஜ்யம். ஹாலுக்கு இப்போது ஸ்குரூ மூடி உள்ளதைத்தான் மாட்டியிருக்கிறேன். டிரைவர் மாற்றுகிறவர்கள் வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பழைய டிரைவரின் மேல் அச்சடித்த மில்லி ஆம்பியரும் வோல்டேஜும் புதியதிலும் ஒத்துப்போக வேண்டும். மில்லி ஆம்பியர் கூடினால் நல்ல எல்இடியும் கருகிவிடும்.