ஃப்ரீசர் கசிவு: வெந்நீரா, பின்பலகையைக் கழற்றுவதா?

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் தரையில் பனி கட்டி, கீழே காய்கறி டிரேயில் தண்ணீர் தேங்கினால், பெரும்பாலும் வடிகால் துளை அடைத்திருக்கும்.

துளை கண்ணுக்குத் தெரிந்தால் வெந்நீர் போதும். பிளக்கைப் பிடுங்குங்கள். கை பொறுக்கும் சூட்டில் 50 மில்லி சிரிஞ்சால் நான்கைந்து முறை செலுத்துங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும். பின்புறம் கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் நீர் விழும் சத்தம் கேட்டால் வழி திறந்துவிட்டது. தர்மபுரி போர்வெல் தண்ணீரில் உப்புப் படியும். ஒகேனக்கல் குடிநீரே நல்லது.

இரண்டே வாரத்தில் மறுபடி ஒழுகினால் வெந்நீர் வெறும் ஒத்திப்போடல்தான். ஃப்ரீசருக்குள் இருக்கும் பின்பலகையைத்தான் கழற்ற வேண்டும். முதலில் பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து முழுப் பனியையும் கரையுங்கள். உறைந்த பலகையை இழுத்தால் உடையும். திருகுகளை எடுத்ததும் சென்சார் ஒயரைக் கவனியுங்கள். பனியைக் கரைக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டருக்கு மல்டிமீட்டர் மின்தொடர்ச்சி காட்டாவிட்டால் அதை மாற்றுங்கள். ஹீட்டர் சரியென்றால் சந்தேகம் அந்த ஹீட்டரை இயக்கும் டிஃப்ராஸ்ட் தெர்மோஸ்டாட் மீது. கத்தியால் மட்டும் பனியைக் குத்தாதீர்கள்: குழாய் ஓட்டையானால் குளிரூட்டும் கேஸ் போகும், பல புது மாடல்களில் அது தீப்பிடிக்கும் ஆர்600ஏ.

கிருஷ்ணகிரி மாம்பழ சீசனில் கூழ் டப்பாக்களைக் காற்றுத் துளையை மறைத்து அடுக்குவதும் பனி கட்ட வைக்கும். அதற்கு இரண்டு வழியுமே தேவையில்லை, டப்பாவை நகர்த்தினால் போதும்.