மினி லாரி கியர் பாக்ஸை வீட்டிலேயே பிரித்துக் கட்டினேன்: ஓட்டிப் பார்த்த அனுபவம்

காய்கறி லோடு ஓட்டும் மினி லாரிக்கு இரண்டாம் கியர்தான் உயிர். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஏற்றி, தென்காசி, செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் ஏறிப் புனலூருக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். மூன்றாவதில் வண்டி திணறும்போது இரண்டாவது பட்டென்று விழ வேண்டும். என் வண்டியில் அது கரகரவென்று கடித்தது; சில நேரம் விழாமல் லிவரைத் திருப்பித் தள்ளியது. எப்போதும் லோடு, வாரம் தவறாமல் மலை என்று ஓடிய வண்டி. தேயத்தான் செய்யும்.

இரண்டாம் கியரின் சிங்க்ரோ ரிங்கை, அதாவது கியர் விழும் முன் வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை வளையத்தை, மட்டும் மாற்றிவிடலாம் என்றார்கள் பட்டறையில். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஒரு ரிங்குக்கும் பாக்ஸ் முழுவதையும் இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கிய பிறகு உள்ளே இருக்கிற பேரிங்கைப் பார்க்காமல் மூடினால் அடுத்த வருஷம் மறுபடி இறக்க வேண்டியதுதான். ஓணம் முடிந்து லோடு குறைந்ததும் முற்றத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நானே வேலையை ஆரம்பித்தேன்.

கழற்றும் முன்பே காது பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். வண்டி நின்றபடி நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது வரும் இரைச்சல், கிளட்சை மிதித்ததும் நின்றால் கோளாறு டாப் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து உள்ளே வரும் தண்டு), லே ஷாஃப்ட் (அதோடு சுற்றும் துணைத் தண்டு) பேரிங்குகளில். மிதித்தால் மட்டும் இரைந்தால் கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங். என் வண்டியில் மிதித்ததும் நின்றது. அடுத்து, வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுப் பார்த்தேன். நிறையப் பொன்னிறத் தூள் காந்தத்தில் ஒட்டாமல் மிதந்தது. அது ரிங்கின் பித்தளை. ஒட்டியது மெல்லிய இரும்புச் சேறு, பேரிங்கிலிருந்து வந்தது. பல் உடைந்த சில்லு எதுவும் இல்லை. கியர் சக்கரங்கள் பிழைத்தன என்று அப்போதே நிம்மதி.

பாக்ஸை இறக்கும்போது ஜாக்கியை எடுத்துவிட்டு அதன் கனத்தை டாப் ஷாஃப்டில் தொங்கவிடவே கூடாது, கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். கியரை நகர்த்தும் செலக்டர் ராடை உருவும்போது, கியரைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தெறிக்கும். துணியைப் போர்த்தி மெதுவாக உருவினால் கைக்குள்ளேயே விழும்.

தேய்ந்த ரிங்கைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. உள்பக்கத்தில் நூல் நூலாகக் கூரிய வரிகள் இருக்க வேண்டும். ஆயிலைக் கிழித்துக் கொண்டு கியரின் கோனை, அதாவது அதன் கூம்பான பக்கத்தை, பிடிப்பது அந்த வரிகள்தான். என் ரிங்கில் விரல் வழுக்கியது. கோனில் அழுத்தித் திருப்பினால் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே போனது. புது ரிங் அதே கோனில் கவ்வி நின்றது. ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடுகளால் அளந்து மேனுவலோடு ஒப்பிட்டேன். இரண்டாவது மட்டுமல்ல, மூன்றாவதும் எல்லைக்குக் கீழே போயிருந்தது. பட்டறையில் சொன்னபடி ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் மூன்றாவது சீக்கிரமே கடித்திருக்கும்.

இந்த சிங்க்ரோ முறை 1928-ல் கடிலாக் கார்களில்தான் முதலில் வந்தது. நம் ஊர்ப் பழைய லாரிகளில் அது இல்லை. நடுவில் நியூட்ரலில் விட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி கிளட்சை மிதித்து டபுள் கிளட்ச் போட்டே அந்த ஓட்டுநர்கள் இந்த மலையை ஏறினார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் அந்தக் கால் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

ஷாஃப்டிலிருந்து பழைய பேரிங்கைக் கழற்ற பிரஸ் வேண்டும். அதற்கு லேத் பட்டறைக்குக் கொண்டு போனேன். புது பேரிங்கை ஏற்றும் வேலை வீட்டில்தான். அடுத்த தெருவில் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்ந்த அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார்.

"சுத்தியலை எடுக்காதல. எண்ணெய்ல சூடு பண்ணிப் போடு, தானா இறங்கும்."

"எவ்வளவு சூடு அண்ணாச்சி?"

"நூறு டிகிரிய ஒட்டி. சட்டி அடியில படாம கம்பியில தொங்க விடு."

அப்படியே செய்தேன். தட்டாமல், தள்ளாமல், வழுக்கிப் போய் உட்கார்ந்தது. பேரிங்குகள், முன்பின் ஆயில் சீல்கள், ரிங்குகள் எல்லாமே புதிது. மிச்சமான கூலிக் காசு அத்தனையும் இதற்குத்தான் போனது. பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை மாட்டும் பின் யோக்கில் பழைய சீல் அறுத்த தடம் தெரிந்ததால், புது சீலைக் கொஞ்சம் தள்ளி அடித்து உதடு புது இடத்தில் உட்காரும்படி வைத்தேன்.

ஆயில் விஷயத்தில் கடைக்காரர் கொடுத்ததை வாங்காதீர்கள். என் வண்டிக்கு மேனுவல் கேட்பது 80டபிள்யூ-90 கெட்டித்தன்மை, ஜிஎல்-4 தரம். பின் ஆக்சிலுக்கு ஊற்றும் ஜிஎல்-5-ஐயே இதிலும் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் கூடுதலாக இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கைகளில் சில பித்தளையை அரிக்கும். ரிங்கின் பிடிமானமும் குறையும். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஒருமுறை வடித்து மாற்றினேன், புது ரிங் படியும்போது வரும் தூள் வெளியே போக.

அதற்குப் பிறகு எத்தனையோ லோடு. சாரல் மழையில் நனைந்த புளியரை மேட்டில், தக்காளி முழுக்க ஏற்றி, மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தால் இரண்டு விரலுக்கு விழுகிறது. நியூட்ரல் இரைச்சல் இல்லை. பின் சீல் காய்ந்தே இருக்கிறது. ரிவர்ஸில் மட்டும் ஒரு ஊளை உண்டு. நேர்ப்பல் கியர் என்பதால் அது புது வண்டியிலும் இருந்ததுதான். போன வாரம் ஆயில் மாற்றும்போது மறுபடி காந்தத்தை விட்டேன். மெல்லிய கறுப்புப் பூச்சு மட்டும் ஒட்டியது. பொன்னிறத் தூள் கண்ணில் படவில்லை.