பல் கட்டக் கொடுத்த லேத் கியர், பச்சை பெயிண்ட் அடித்து வந்த கதை

பழைய லேத்தை, அதாவது கடைசல் இயந்திரத்தை, வைத்துப் பட்டறை நடத்துகிறவர்களுக்காக இந்தப் பதிவு. கியரில் பல் உடைந்தால் கோயம்புத்தூரில் கட்டித்தர ஆள் இருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் "டவ்டெயில் போட்டுத் தருகிறேன்" (காடி வெட்டிப் புதுத் துண்டு ஏற்றுவது) என்று பேசிப் பணம் வாங்கிவிட்டு, சாதாரண வெல்டிங் ராடால் ஊற்றி, அரத்தால் ராவி, மேலே பெயிண்ட் அடித்துக் கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. அப்படி ஒரு கடையில் எனக்கு நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. துண்டுச் சீட்டில் எழுதித் தந்த கணக்கைத் தவிர என் கையில் வேறு காகிதம் இல்லை. தவிர, ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

மெஷின் இங்கிலாந்தில் செய்தது. ஒரு மில்லை மூடி ஏலம் விட்டபோது, அவர்களுடைய சொந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது. ஸ்டெப் புல்லி, தட்டை பெல்ட், ஸ்பிண்டில் என்கிற சுழலும் தண்டின் மூக்கில் மரை போட்டு, வேலைப் பொருளைப் பிடிக்கும் சக்கைத் திருகி ஏற்றுகிற ரகம். இந்த ரகத்தில் சக் இறுகிக்கொண்டால் கழற்றுவது தனி வித்தை. புதிதாகச் சேர்ந்த பையன் புல் கியரை (ஸ்பிண்டில் மேலிருக்கும் பெரிய பல்சக்கரம்) புல்லியோடு பூட்டும் பின்னை எடுக்காமலே, வேகத்தைக் குறைக்கும் பேக் கியரையும் போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டு, சக் சாவியில் பைப் மாட்டி ஒரே இழுப்பு இழுத்திருக்கிறான். சக் அசையவில்லை. புல் கியரில் இரண்டு பல் அடியோடு பெயர்ந்தது, பக்கத்துப் பல்லில் விரிசல். பழைய லேத்துகளில் புல் கியர் பல் போவது பெரும்பாலும் இப்படித்தான். அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை, நாற்பது வயது ஆட்களும் இதைச் செய்கிறார்கள்.

பேக் கியர் இல்லாமலும் லேத் ஓடும். ஆனால் பெரிய விட்டத்தில் பேசிங் (முகப்பைச் சமதளமாக்குவது), மரை வெட்டுதல் என்று மெதுவாக ஓட்ட வேண்டிய எந்த வேலையும் எடுக்க முடியாது. எங்களுக்கு வருவதில் பாதி பம்ப் வார்ப்பு வேலை. அதனால் ஸ்பிண்டிலைக் கழற்றி கியரை வெளியே எடுத்து, தெரிந்தவர் சொன்ன கடைக்குக் கொண்டு போனேன்.

கடைக்காரர் கியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது ஒண்ணும் பெரிய வேலை இல்லீங்ணா. டவ்டெயில் வெட்டி, சி.ஐ. துண்டு ஏத்தி, சைடுல ஸ்க்ரூ அடிச்சு, மில்லிங்ல பல்லு எடுத்துத் தந்தர்றனுங்க. உங்க ஆயுசுக்கும் போகும்." பேசியது 6,500 ரூபாய், அட்வான்ஸ் 4,000.

அவர் வாயால் சொன்னது முறையான வேலைதான். உடைந்த பற்கள் இருந்த இடத்தில் கியர் விளிம்பில் புறா வால் வடிவில், அதாவது அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும், ஒரு காடி வெட்டுவார்கள். அதற்கு இறுக்கமாகப் பொருந்தும் சி.ஐ., அதாவது வார்ப்பிரும்புத் துண்டைப் பக்கவாட்டில் தட்டி ஏற்றி, இணைப்புக் கோட்டின் மேலேயே ஓட்டை போட்டு, டேப் போட்டு மரை எடுத்து, தலையில்லாத கிரப் ஸ்க்ரூ இறக்குவார்கள். பிறகு சுற்றைச் சம பாகமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டில் ஏற்றி, மற்ற பற்களுக்கு இசைவாகப் புதுப் பல் வெட்டுவார்கள். விளிம்பின் கனம் இதற்குப் போதாவிட்டால் பித்தளை ராடால் பிரேஸிங் செய்யலாம். வார்ப்பிரும்பு உருகும் சூட்டுக்கு வெகு முன்னாலேயே பித்தளை உருகிப் பிடித்துக்கொள்ளும், தாய் இரும்பு உருகவே வேண்டியதில்லை. பல் இருந்த இடத்தில் வரிசையாக ஸ்டட் இறக்கி அதைச் சுற்றிப் பித்தளையைக் கட்டி, அப்புறம் பல் வெட்டுவதும் உண்டு. எதுவானாலும் முழுக் கியரையும் பதமாகச் சூடேற்றி, வேலை முடிந்ததும் உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மெல்ல ஆற விட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. காசு கேட்பதில் நியாயம் உண்டு.

திரும்பி வந்த கியர் முழுக்கப் பச்சை பெயிண்ட். பல்லின் அடி வரைக்கும் பெயிண்ட். கேட்டதற்கு "துருப் பிடிக்காம இருக்கட்டும்னுதானுங்க" என்றார். மாட்டி ஓட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம். போன் செய்தேன். "புதுப் பல்லுங்ணா, கொஞ்சம் ஓடினா செட் ஆயிரும்" என்றார். செட் ஆகவில்லை. பம்ப் பிளாஞ்ச் ஒன்றை பேசிங் அடித்துக்கொண்டிருக்கும்போது 'படார்' என்று ஒரு சத்தம், ஸ்பிண்டில் நின்றுவிட்டது. புதுப் பல் இரண்டும் போய்விட்டன. போன துண்டு சும்மா போகவில்லை, நடுவில் மாட்டி, பேக் கியர் தண்டில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தின் ஒரு பல்லையும் கூடவே கொண்டுபோனது.

தின்னர் ஊற்றிப் பெயிண்டைத் துடைத்ததும் எல்லாம் தெரிந்தது. காடி வெட்டிய அடையாளமே இல்லை, ஸ்க்ரூ இல்லை, துண்டு ஏற்றிய கோடு இல்லை. வெல்டிங்கில் ஊற்றிய இரும்பும் அதில் ஊசி குத்தியது போன்ற துளைகளும் மட்டும்தான் இருந்தன. பல்லின் பக்கவாட்டில் சாய்வாக அரம் ஓடிய கோடுகள். மற்றப் பற்களின் பக்கம் வளைந்திருக்க, இவை ஆப்பு மாதிரி நேராக இறங்கின. பக்கத்துப் பள்ளத்தில் வெல்டிங் தெறித்த பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதில் பினியன் ஏறி இறங்கிய சத்தம்தான் அந்த 'டக்'.

உடைந்தது வெல்டிங் நடுவில் அல்ல, வெல்டிங்கின் ஓரத்தில். அங்கே இரும்பு வெள்ளையாக மின்னியது. அரத்தை வைத்தால் வழுக்கியது, பிடிக்கவே இல்லை. வார்ப்பிரும்பில் சுமார் 3 சதவீதம் கார்பன், மைல்டு ஸ்டீல் ராடிலோ கால் சதவீதம்கூட இருக்காது. குளிர்ந்த கியரில் அந்த ராடைக் கொண்டு ஆர்க் (மின் வெல்டிங்) அடித்தால், ஓரத்து வார்ப்பிரும்பு உருகி, சட்டென்று ஆறி, கண்ணாடி போல் கடினமாகிவிடும். அடி தாங்காது. கூடவே வெல்டிங் சுருங்கும்போது தாய் இரும்பையும் இழுத்துக் கிழிக்கும். என் கியரில் விரிசல் விளிம்பைத் தாண்டி உள்பக்கம் இறங்கியிருந்தது. நிக்கல் ராடு போட்டு, சூடேற்றிச் செய்திருந்தாலாவது ஏதோ தப்பித்திருக்கும். ஆனால் அதற்கு விலை அதிகம்.

சண்டைக்குப் போனால் பதில் தயாராக இருந்தது: "கியர் பழசுங்ணா, இரும்பே செத்துப் போச்சு. நாங்க என்ன பண்ண முடியும்?" செத்துப்போன இரும்பில் மீதி 58 பல் எப்படி நிற்கிறது என்று கேட்டேன். பேச்சு மாறியது. பாதி விலையில் புதுக் கியரே செய்து தருகிறாராம். அட்வான்ஸ் அங்கே மாட்டியிருந்ததால் சரி என்றேன். செய்தார். இந்த முறை வாங்கி வருமுன் அவர் மேசையிலேயே வெர்னியர் வைத்துப் பார்த்தேன். வெளி விட்டம் 155 மில்லிமீட்டர். என் பழைய கியர் 157.5.

பழைய இங்கிலாந்து, அமெரிக்க லேத் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அதால் வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் அளவைச் சொல்லும் எண், வரும். என் கியரில் 60 பல், 157.5ஐ 62ஆல் வகுத்தால் 2.54. அது மாட்யூல் கியரே அல்ல, இஞ்சுக் கணக்கில் 10 டிபி (டயமெட்ரல் பிட்ச், ஓர் இஞ்சு விட்டத்துக்கு எத்தனை பல் என்ற கணக்கு). இந்தக் கணக்கில் 3.175 வந்தால் 8 டிபி, 2.12 வந்தால் 12 டிபி, 1.59 வந்தால் 16 டிபி. கடைக்காரர் 2.54ஐ "ரெண்டரை மாட்யூல்" என்று தள்ளிவிட்டு, கையில் இருந்த கட்டரை ஓட்டிவிட்டார். "பாயிண்ட் நாலுதானுங்களே" என்றார். உண்மையில் பாயிண்ட் பூஜ்யம் நாலு. அதுவே பல்லுக்குப் பல் தூரத்தில் 0.12 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் காட்டும். தண்டுகளின் இடைவெளி மாறாது, எனவே கியர் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் விலகி நிற்கும். ஓடும், இரையும், பினியனைத் தின்னும். அது மட்டுமல்ல, பழைய மெஷின்களில் பல் சாய்வு (பிரஷர் ஆங்கிள்) பெரும்பாலும் 14½ டிகிரி. இன்று கடைகளில் கைக்கு எட்டுவது 20 டிகிரி கட்டர். கட்டர் நம்பரிலும் ஒரு குழி இருக்கிறது. 60 பல்லுக்கு டிபி வரிசையில் 2ஆம் நம்பர் கட்டர், மாட்யூல் வரிசையில் அதே வேலைக்கு 7ஆம் நம்பர். இரண்டு வரிசையும் தலைகீழாக ஓடும். நம்பரை மட்டும் கேட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

அந்தக் கியரை எடுக்காமல் வந்துவிட்டேன். கடைசியில் வேலையைச் சரியாக முடித்தவர் தனியாக ஒரே மில்லிங் மெஷின் வைத்திருக்கும் பெரியவர். கியரைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "யாருங்க தம்பி இதுல ஆர்க் அடிச்சது?" வெல்டிங் சூடு பட்ட இடம் முழுவதையும், விரிசல் முடிகிற வரை, வெட்டி எறிய வேண்டியிருந்தது. எச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) கட்டர் அந்த வெள்ளை இரும்பில் ஏறாமல், கிரைண்டிங் கல்லால் தேய்த்துத்தான் எடுத்தார். மூன்று பல்லுக்கான துண்டோடு முடிந்திருக்க வேண்டியது ஐந்து பல் அகலத்துக்குப் போனது. அதற்கும் பினியனைப் புதிதாகச் செய்ததற்குமாக முதல் கடையில் பேசியதைப் போல இரண்டு மடங்கு ஆனது. இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது.

கொடுக்கும் முன் முறையை எழுதி வாங்குங்கள்: டவ்டெயிலா, பிரேஸிங்கா, என்ன ராடு, என்ன கட்டர். துண்டு ஏற்றிய பின், பல் வெட்டும் முன், வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ கேளுங்கள். முறையாகச் செய்பவர் சந்தோஷமாக அனுப்புவார், மழுப்புகிறவரிடம் கியரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடிக்காமல் தரச் சொல்லுங்கள். வாங்கும்போது நாலைந்து பல்லைச் சேர்த்து வெர்னியரில் பிடித்துப் பாருங்கள். நல்ல பற்கள் உள்ள இடத்தில் என்ன வருகிறதோ அதுவேதான் புதுப் பல் சேரும் இடத்திலும் வர வேண்டும். இணைப்பு ஓரத்தில் பழைய அரம் ஒன்றை மெல்ல ஓட்டுங்கள், வழுக்கினால் பணம் கொடுக்காதீர்கள். மாட்டியபின் மோட்டாரைப் போடாமல், புது இடத்தில் மார்க்கிங் நீலம் பூசி கையால் சுற்றிப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிடும்.

முதல் கடைக்காரர் அட்வான்ஸைத் தரவில்லை. மீதியைக் கொடுத்துவிட்டு அந்த ரெண்டரை மாட்யூல் கியரை எடுத்துப் போகும்படி இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார்.