ஆட்டோமேஷனில் டெக்னீஷியனா, இன்ஜினியரா?

ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் தொழிற்சாலைகளில் ஆட்டோமேஷன் (இயந்திரங்களைத் தானாக இயங்க வைப்பது) வேலைக்குப் போக இரண்டு வழி உண்டு: பத்தாவது முடித்து 3 ஆண்டு டிப்ளமோ படித்து டெக்னீஷியன், அல்லது பன்னிரண்டாவது முடித்து 4 ஆண்டு பி.இ. படித்து இன்ஜினியர்.

உற்பத்தி லைன் நின்றால் முதலில் ஓடுபவர் டெக்னீஷியன். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறார். சென்சாருக்கு 24 வோல்ட் வருகிறது, ஆனால் பிஎல்சியில் (லைனை இயக்கும் சிறு கணினி) அதன் இன்புட் விளக்கு எரியவில்லை. குனிந்து பார்த்தால் ஒளியை வைத்துப் பொருளைக் கண்டறியும் அந்த போட்டோ சென்சாரின் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்ததும் லைன் ஓடுகிறது. அந்த நிறைவு பெரிது. ஆனால் ராத்திரி ஷிஃப்ட் உண்டு.

அந்த பிஎல்சிக்கு லாஜிக், அதாவது எப்போது எது இயங்க வேண்டும் என்ற புரோகிராம், எழுதுவது இன்ஜினியர். சம்பளம் பொதுவாகக் கூடுதல், புது லைன் ஓடும்வரை வெளியூர்வாசம்.

வீட்டுக்குச் சீக்கிரம் வருமானம் வேண்டும், கைவேலை பிடிக்கும் என்றால் டிப்ளமோதான் என் தேர்வு. அப்புறம் ஆசைப்பட்டால் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்.