ஷூவா, ஹெல்மெட்டா? மாரத்தானும் பைக் டிராக்கும்: ஓர் ஒப்பீடு

வேலை, குடும்பம் எல்லாம் போக வாரத்தில் ஒரு காலைப்பொழுதுதான் கையில் மிஞ்சுகிறது. அதை மாரத்தான் பயிற்சிக்குக் கொடுப்பதா, பைக்கை எடுத்துக்கொண்டு பந்தயத் தடத்துக்குப் போவதா? இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் விடையையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். ஒருவருக்கு ஓட்டம் என்றால் சும்மா மூச்சு வாங்குகிற வேலை. இன்னொருவருக்கு பைக் என்றால் இளக்காரம்: "இன்ஜின்தானே ஓடுகிறது, நீ என்ன செய்கிறாய்?"

இரண்டையும் சில வருடங்கள் செய்து, இரண்டிலும் சுமார் ரகமாகவே இருந்துவிட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: இரண்டு பேச்சிலும் சாரம் இல்லை. நாம் செய்கிற தப்புக்கு எப்போது பில் வருகிறது என்பதில்தான் இந்த இரண்டும் பிரிகின்றன. ஓட்டத்தில் அது தாமதமாக வரும், வட்டியும் முதலுமாக. பைக்கில் இரண்டு விநாடியில் வந்துவிடும். யாருக்கு எது ஒத்துவரும் என்பதை இதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

உள்ளே நுழைய

ஓட்டத்துக்கு வாசற்கதவே கிடையாது. ஒரு ஷூ இருந்தால் போதும். 2004-இல் லண்டனில் புஷி பூங்காவில் 13 பேர் ஓடிய 5 கி.மீ. ஓட்டம்தான் இன்று பல நாடுகளில் சனிக்கிழமை காலைதோறும் கட்டணமில்லாமல் நடக்கிற பார்க்ரன் ஆகியிருக்கிறது. அதில் நடந்தே முடித்தாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார், ஆகவே கடைசி இடம் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

பைக் டிராக்குக்கு அப்படிக் கிளம்பிவிட முடியாது. ஒரே துண்டான, அல்லது இடுப்பில் ஜிப்பால் இணைக்கிற லெதர் சூட், மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலைத் தாங்கும் பூட்ஸ், முழுமுக ஹெல்மெட் வேண்டும். பைக்குக்கும் தனியாக வேலை இருக்கிறது. பக்கக் கண்ணாடிகளைக் கழற்றவேண்டும் அல்லது மூடவேண்டும், விளக்குகளுக்கு டேப் ஒட்டவேண்டும். ரேடியேட்டரில் இருக்கிற கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்லும் இடங்களும் உண்டு. கூலன்ட்டில் கலந்திருக்கிற கிளைக்கால் என்ற ரசாயனம் தரையில் சிந்தினால் லேசில் காயாது, பின்னால் வருகிறவர் வழுக்கி விழுவார். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்கு ரொம்ப மிகையாகப் பட்டது. முன்னால் போன ஒரு பைக்கின் குழாய் விட்டுப்போய், அடுத்தடுத்து இரண்டு பேர் ஒரே இடத்தில் சறுக்கியதைப் பார்த்தபிறகு மறுபேச்சு பேசவில்லை.

ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். டிராக் டே என்பது பந்தயம் இல்லை. வேகத்துக்கு ஏற்றபடி ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் 15, 20 நிமிடம் தடத்தில் விடுவார்கள். உரிமம், தகுதிச் சுற்று, தொடக்க வரிசை எல்லாம் சேர்ந்த பந்தயம் அதற்கு மேல்படி. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு டிராக் டேயே தாராளமாகப் போதும் என்பது என் எண்ணம்.

நேரம், பணம்

ஆரம்பத்தில் சொன்ன 'வாரத்தில் ஒரு காலை' கணக்கு மாரத்தானுக்குச் செல்லாது. 42.195 கி.மீ. ஓட வேண்டுமானால் 16 முதல் 18 வாரம், வாரத்தில் நான்கு நாளாவது ஓடியாக வேண்டும். அதில் ஒரு நாள் இரண்டு மூன்று மணி நேர நெடும் ஓட்டம். அப்புறம் அன்று மதியம் நீங்கள் யாருக்கும் பயன்படமாட்டீர்கள். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பதக்கம் வாங்கும் நாள்வரைதான் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு காலைதான் உண்டு என்றால் 10 கி.மீ. ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்வது மரியாதை.

பைக் இதற்கு நேர் எதிர். மாதத்துக்கு ஒரு நாள் போனால்கூடக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு நாள் டயரைத் தின்னும், பிரேக் பேடைத் தின்னும், பெட்ரோலைக் குடிக்கும். விழுந்தால் கைப்பிடி முனையிலிருந்து லீவர்வரை ஒரு நீளப் பட்டியல். டிராக்கில் விழுந்த பைக்குக்குப் பெரும்பாலான காப்பீடுகள் பணம் தராது, கையெழுத்துப் போடும்முன் படித்துப் பார்ப்பது நல்லது. ஓட்டம் நேரத்தைக் கேட்கும், பைக் பணத்தைக் கேட்கும். இரண்டும் இல்லாதவர்கள் பார்வையாளராக இருப்பதில் ஒரு குறையும் இல்லை, நானே அப்படி இரண்டு வருடம் இருந்திருக்கிறேன்.

ஓட்டத்தின் பில்

என் இரண்டாவது மாரத்தானில் முதல் 10 கி.மீ. தூரத்தைத் திட்டமிட்டதைவிடக் கிலோமீட்டருக்கு 20 விநாடி வேகமாக ஓடினேன். உடம்பு லேசாக இருந்தது, கூட்டம் கைதட்டியது. மொத்தம் 3 நிமிடம் 20 விநாடி மிச்சம். 33-ஆவது கிலோமீட்டரில் கால் நின்றுவிட்டது. அதன்பிறகு நடந்தும் தள்ளாடியும் இழந்தது 25 நிமிடத்துக்கு மேல்.

இதன் பின்னணி எளிய கணக்குத்தான். ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ ஆளுக்கு முழு மாரத்தானுக்கு 2,900 கலோரிக்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருப்பது சுமார் 2,000 கலோரி. மீதியைக் கொழுப்பிலிருந்து எடுத்தாக வேண்டும், கொழுப்போ மெதுவாகத்தான் எரியும். வேகமாக ஓட ஓட உடம்பு கிளைக்கோஜனையே அதிகமாகச் செலவழிக்கும். ஓட்டக்காரர்கள் 'சுவர்' என்று சொல்வது 30, 32 கி.மீ. வாக்கில் இந்தக் கையிருப்பு தீர்ந்துபோகிற இடத்தைத்தான். தப்பு செய்தது காலை ஆறு மணிக்கு, பில் வந்தது ஒன்பது மணிக்கு.

பயிற்சியில் இந்தத் தாமதம் இன்னும் மோசம். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கு ஆகும். 'மூச்சு நன்றாக இருக்கிறதே' என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர் ஆறாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். வலி வந்த நாளில் என்ன தப்பு செய்தோம் என்று தேடினால் கிடைக்காது. அது மூன்று வாரம் முந்தைய தப்பு.

தண்ணீர் விஷயத்திலும் அதே கதை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. காரணம் தாகமல்ல, அளவுக்கு மீறிக் குடித்தது. இதில் அதிகம் மாட்டுவது மெதுவாக, நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற நம்மைப் போன்றவர்கள்தான். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நிற்க நமக்குத்தானே நேரம் இருக்கிறது.

பைக்கின் பில்

பைக்கில் இயற்பியல் வாத்தியார் பக்கத்திலேயே பிரம்போடு உட்கார்ந்திருப்பார். 80 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் எடுத்தால் பைக்கும் நீங்களும் சேர்ந்து 39 டிகிரி வாக்கில் சாய வேண்டும். 100 என்றால் 45 டிகிரி. 110 என்றால் 50. வேகமானியில் பத்துப் பத்தாகத்தான் ஏறுகிறது, ஆனால் 45 டிகிரியில் டயர் பக்கவாட்டில் தாங்குகிற விசை மொத்த எடைக்குச் சமம். சாதாரண ரோட்டு டயர் அதற்குமேல் உத்தரவாதம் தராது. பைக் பந்தயத்தின் உச்சப் பிரிவான மோட்டோ ஜிபியின் வீரர்கள் 60 டிகிரிக்கு மேல் சாய்கிறார்கள் என்றால் அவர்கள் டயரும் அதன் சூடும் வேறு.

150 கி.மீ. வேகத்தில் வருகிறபோது ஒரு விநாடிக்கு 41 மீட்டருக்கு மேல் கடக்கிறோம். பிரேக் பிடிக்க அரை விநாடி தாமதித்தால் 20 மீட்டர் போச்சு. ஆரம்பநிலை ஆள் அந்த நேரத்தில் என்ன செய்வார் என்றால், தான் விழப்போகிற இடத்தையே பார்ப்பார். பைக் பார்வை போகிற பக்கம்தான் போகும். வளைவு முடிந்து வெளியேறுகிற இடத்தைப் பார், பைக் தானாகத் திரும்பும் என்று பயிற்சியாளர்கள் தொண்டை வறளச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னும் விபரீதம் என்னவென்றால், இங்கே பயத்தில் செய்கிற காரியங்கள் பெரும்பாலும் தப்பானவை. இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடத் தோன்றும். மூடினால் டயர் திடீரெனப் பிடித்துக்கொண்டு ஆளை மேலே தூக்கி வீசும். இதற்குப் பெயர் ஹைசைடு. சும்மா சறுக்கி விழுகிற லோசைடு இதற்கு முன்னால் எவ்வளவோ பரவாயில்லை. நான் விழுந்த இரண்டு தடவையும் லோசைடுதான், இரண்டும் டயர் சூடேறாத முதல் சுற்றில்தான். ஒரு தடவை பட்டுத் திருந்தியிருக்க வேண்டும், சரி.

ஆபத்தைப் பற்றிப் பேசும்போது பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கிற தீவில் நடக்கும் பைக் பந்தயமான ஐல் ஆஃப் மேன் டிடியைக் கொண்டுவந்து பயமுறுத்துவது வழக்கம். 1907-இல் தொடங்கிய பந்தயம், சுமார் 60 கி.மீ. நீள மலைச்சுற்று, அந்தச் சுற்றில் இதுவரை இறந்தவர்கள் 260 பேருக்கு மேல். 1976-க்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப் பட்டியலிலிருந்தே அது நீங்கிவிட்டது. ஆனால் அது வீடுகளுக்கும் கல்சுவர்களுக்கும் நடுவே போகிற பொதுச்சாலை. மூடிய தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், தடத்துக்கு வெளியே சரளைக்கல் பரப்பு இருக்கிறது, கொடியோடு மார்ஷல்கள் நிற்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நியாயமில்லை. அதற்காக டிராக்கில் காறை எலும்பு முறியாது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

'இன்ஜின்தானே ஓடுகிறது' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 20 நிமிட அமர்வு முடிந்து இறங்கும்போது தொடை நடுங்கும், முன்கை கல்லாக இறுகியிருக்கும். ஒவ்வொரு பிரேக்கிலும் உடம்பு முழுவதும் முன்னால் சரிவதைக் காலால் டேங்கை இறுக்கித் தாங்க வேண்டும், கையால் தாங்கினால் பைக் சொன்னபேச்சுக் கேட்காது. தொழில்முறை வீரர்களிலேயே பலர் இந்த முன்கை இறுக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்.

மற்றவை, சுருக்கமாக

சைக்கிள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதே, அது சரியான சமரசம் இல்லையா என்று கேட்பீர்கள். மூட்டுக்கு இதம் என்பது உண்மை. பந்தயமில்லாத நெடும்பயணமான பிரெவே எனக்குப் பிடித்தது: 200 கி.மீ. தூரத்தை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும், உச்சியில் 1,200 கி.மீ., 90 மணி நேர பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். ஆனால் சாலையில் ஓட்டுகிறபோது அடுத்தவர் செய்கிற தப்புக்கான பில்லும் நம் பெயருக்கே வருகிறது. அந்த ஒரு காரணத்தால் அதை மூன்றாவதாக வைக்கிறேன்.

பெருமையடித்துக்கொள்வதில் மாரத்தானை அடிக்க ஆளில்லை. 2022 பெர்லின் மாரத்தானில் கென்ய வீரர் கிப்சோகே 2:01:09 என்ற அப்போதைய உலக சாதனையை ஓடினார். அதே காலையில், அதே சாலையில், அவருக்குப் பின்னால் பல்லாயிரம் சாதாரண ஆட்களும் ஓடினார்கள். மோட்டோ ஜிபி தொடக்க வரிசைக்குப் பின்னால் நம்மை ஒருநாளும் நிறுத்தமாட்டார்கள்.

சாமான் மோகம் இரண்டிலும் ஒன்றுதான். கார்பன் தகடு வைத்த தடித்த ஷூக்கள் சாதனைகளைக் குவிக்க ஆரம்பித்ததும் உலகத் தடகள அமைப்பு 2020-இல் சாலை ஓட்டத்துக்கு அடித்தட்டின் தடிமன் 40 மி.மீ. தாண்டக்கூடாது என்று விதி போட்டது. வாரத்துக்கு 15 கி.மீ. ஓடுகிறவருக்கு அந்த ஷூ அலங்காரம்தான். பைக்கிலும் அப்படியே: முதல் வருடத்தில் 1000 சிசி வாங்குகிறவர் நேர்ப்பாதையில் பறந்துவிட்டு வளைவில் தவழ்வார். 300 சிசி வண்டி வளைவில் வேகத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொடுக்கும், ஏனென்றால் இழந்த வேகத்தை மீட்க அதனிடம் சக்தி இல்லை. காசு மிஞ்சினால் சைலன்சருக்குப் பதிலாகக் காற்றுப்பை உள்ள சூட் வாங்கலாம். 2018 முதல் மோட்டோ ஜிபியில் அது கட்டாயம்.

அப்படியானால் யாருக்கு எது?

பொறுமை இருக்கிறது, ஆனால் தன்னையே ஏமாற்றிக்கொள்கிற பழக்கம் இல்லை என்றால் ஓட்டம். வலியை 'ஒன்றுமில்லை' என்று ஒதுக்குகிற ஆசாமியை மாரத்தான் படுக்கையில் போட்டுவிடும். தப்பை உடனே யாராவது சுட்டிக்காட்டினால்தான் திருந்துவேன் என்கிறவருக்கு டிராக் நல்ல ஆசிரியர், சின்ன வண்டியும் பொறுமையான குழுவும் இருக்கும்வரை.

இன்னொரு வித்தியாசம் மனத்தைப் பற்றியது. மண்டைக்குள் குடைச்சல் இருக்கிற நாளில் ஓடலாம். ஐந்தாவது கிலோமீட்டரில் அது பாதியாகிவிடும், மனம் எங்கு அலைந்தாலும் கால் பார்த்துக்கொள்ளும். அதே நாளில் டிராக்குக்குப் போகக்கூடாது. கட்டிய பணம் போனாலும் போகட்டும்.

கட்டாயப்படுத்தி ஒன்றைச் சொல்லச் சொன்னால் ஓட்டம்தான் என்பேன். பைக்குக்கு வேண்டிய மூச்சையும் தொடையையும் ஓட்டம் தரும், ஓட்டத்துக்கு பைக் எதையும் தருவதில்லை. நான் இப்போது வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன், வருடத்தில் மூன்று முறை டிராக்குக்குப் போகிறேன். 30 கி.மீ. நெடும் ஓட்டம் இருக்கிற வாரத்தில் மட்டும் லெதர் சூட்டை அலமாரியிலிருந்து எடுப்பதில்லை. போன வருடம் எடுத்தேன். டேங்கை இறுக்கத் தொடையில் தெம்பில்லாமல், முதல் அமர்விலேயே அது முடிந்ததைச் சொல்லும் கொடியைப் பார்த்த நிம்மதியோடு பைக்குகளை நிறுத்துகிற பிட்டுக்குத் திரும்பி, மீதி நாளை மடக்கு நாற்காலியில் கழித்தேன்.